பாதி மாற்றமும் முழு மாற்றமும்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் செல்லும் சாலையோரத்தில் ஒரு சிறு பட்டறை உண்டு. மலைப்பாதையில் ஓடும் ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் இடம் அது. ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அங்கே சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பட்டறைக்காரர் எனக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ளவர். அவர் முன்னே நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஒரு புதுவகை மலைவண்டி நின்றது. பெட்ரோல் எஞ்சினோடு ஒரு சிறு மின்மோட்டாரும் சிறு பாட்டரியும் அதில் இணைந்திருந்தன. விற்பவர்கள் அதனை 'மைல்டு ஹைப்ரிட்' என்கிறார்கள். மென்மையான கலப்பு விசை வண்டி என்று நாம் சொல்லலாம்.

அதன் சொந்தக்காரர், "மோட்டாரும் பாட்டரியும் இதில் முன்னரே இருக்கின்றனவே, அவற்றையே இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி இதனை மின்வண்டியாக மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டுச் சென்றிருந்தார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க சரித்திரம் படிச்சவுக. வண்டிக்கு விசையை மாத்தின கதை நம்ம பக்கத்துல முன்னாடி உண்டா? மாத்தினது நிலைச்சு நின்னுதா?" என்று வினவினார்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது தாமிரபரணிக் கரையின் வரலாற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பகுதியை நான் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கண்டதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளத்தில் அது பேராறன்று. ஆயினும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டின் பயனையும் அது பெறுகிறது. உயர்ந்த மலையினின்று மிகக் குறுகிய தொலைவிலேயே சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. நீர் இறங்கும் இடமெல்லாம் விசை பிறக்கும் இடமே. இதனைக் கண்டுகொண்ட ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்திற்கு அருகேயுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை ஒன்றை நிறுவினார்கள். அருவி நீரின் விசையைக் கொண்டு ஆலையை ஓட்டலாம் என்பதே அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம். நிலக்கரியை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய நாட்டில், மலையிலிருந்து தானே வந்திறங்கும் விசை பெருஞ்செல்வம் அன்றோ?

அக்காலத்து ஆலைகள் எவ்வாறு இயங்கின என்பதை இங்கே அறிந்துகொள்வது நலம். நீராலோ நீராவியாலோ ஒரு பெரிய சக்கரம் சுழலும். அச்சுழற்சி நீண்ட இரும்புத் தண்டு ஒன்றின் வழியாக ஆலை முழுவதும் செல்லும். அத்தண்டிலிருந்து தோல்வார்களும் கயிறுகளும் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் இயக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்மோட்டார் வந்தபோது, மேலைநாட்டு ஆலை முதலாளிகள் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். தண்டும் வாரும் கயிறும் இருந்தபடியே இருந்தன. செலவு சிறிதளவே குறைந்தது. உற்பத்தி பெரிதாக உயரவில்லை. இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார் பொருத்தி, தண்டைக் கழற்றியெறிந்து, ஆலையின் அமைப்பையே புதிதாக வகுத்த பின்னரே மின்சாரத்தின் முழுப்பயன் வெளிப்பட்டது. அதற்கு 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய உடலுக்குள் புதிய உயிரை வைப்பது பாதி மாற்றம். உடலையும் அதற்கேற்ப அமைப்பது முழு மாற்றம். வரலாறு தரும் முதற்பாடமாக இதனை மனத்தில் கொள்வோம்.

இனி வண்டிகளின் கதைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டு மலையடிவாரத்தில் இருப்பது திருக்குறுங்குடி. அவ்வூரில் 1877ஆம் ஆண்டில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். வேறு பணிகளைத் துறந்து 1911இல் தம் பெயரிலேயே தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1912இல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்துக்கு வித்திட்டார். தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் எண்ணப்படுகிறார். அவர் தொடங்கிய தொழில் நன்கு வளர்ந்திருந்த வேளையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது.

போர்க்காலத்தில் பெட்ரோல் படைகளுக்கே முதலில் சென்றது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அடுத்த ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய ஆங்கிலேயர் ஏனாங்யாங் எண்ணெய் வயல்களைத் தாமே அழித்துவிட்டுச் சென்றனர். பர்மா எண்ணெயை நம்பியிருந்த நம் நாட்டில் பேருந்துகள் நிற்கும் நிலை வந்தது. பேருந்து நின்றால் சந்தை நிற்கும், அஞ்சல் நிற்கும், நோயாளி மருத்துவமனைக்குச் செல்வதும் நின்றுவிடும்.

அப்போதுதான் கரிவாயு வந்தது. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டிவிஎஸ் கியாஸ் பிளாண்ட்' என்னும் கருவியை உருவாக்கித் தயாரித்தது. உருளை வடிவமான ஓர் அடுப்பில் அடுப்புக்கரியை நிரப்பி, போதிய காற்றுப் புகாதபடி எரிப்பார்கள். குறைந்த காற்றில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளிவிடும். சிறிது நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் உண்டாகும். இக்கலவையைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இன்றியே வண்டி ஓடும். ஐரோப்பாவில் இம்முறையை 1920களிலேயே வளர்த்தவர்களுள் ஜார்ஜ் இம்பேர் குறிப்பிடத்தக்கவர். போர்க்காலத்தில் ஜெர்மனியிலும் சுவீடனிலும் எண்ணற்ற வண்டிகள் இவ்வாறே விறகையும் கரியையும் தின்று ஓடின.

என் தந்தையார் சிறுவயதில் கரி பஸ்ஸில் பயணம் செய்தவர். விடியற்காலையில் புறப்பட வேண்டிய வண்டிக்கு அதற்கு வெகுநேரம் முன்னரே ஓர் ஆள் வந்து அடுப்பு மூட்டி, கைவிசிறியைச் சுழற்றிக் கனலை எழுப்ப வேண்டுமாம். மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளுவார்களாம். சட்டையில் கரி படாமல் ஊர் திரும்பியவர் எவருமில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. கரிவாயுவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நைட்ரஜன், அது எரிவதில்லை. ஆதலால் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இவற்றினும் பெரிய விலை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அடுப்புக்கரி வேண்டும். ஒரு கிலோ கரியைச் சூளையில் எடுக்க நான்கைந்து கிலோ விறகு வேண்டும். ஆகவே ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் ஈடாக ஆறேழு கிலோ மரம் வெட்டப்பட்டது. வண்டிக்குப் பெட்ரோல் மிச்சமாயிற்று. காட்டுக்கு மரம் மிச்சமாகவில்லை.

போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் கிடைத்ததும் கரி அடுப்புகள் கழற்றப்பட்டன. ஏன் அவை நிலைக்கவில்லை? அது தட்டுப்பாட்டினால் பிறந்த மாற்றம். தட்டுப்பாடு நீங்கியதும் அதன் தேவையும் நீங்கியது. பழையதைவிடக் குறைந்த விசையையும் மிகுந்த உழைப்பையும் தந்த மாற்றம் அது. எனினும் அதனைத் தோல்வி என்று நான் கூற மாட்டேன். நாடு தவித்த ஆண்டுகளில் அது சாலைகளை உயிரோடு வைத்திருந்தது. அதனைச் செய்து பழகிய கைகள் பின்னர் வேறு பல மோட்டார்த் தொழில்களுக்குப் பயன்பட்டன. கருவி மறைந்தது, கைத்திறன் நின்றது.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையைக் காண்கிறோம். கரி பஸ்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறிய அதே காலத்தில், 1944இல், பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1930களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தன; அவற்றைத் தொடர்ந்து வந்தது பாபநாசம். இன்று அந்நிலையத்தின் திறன் 32 மெகாவாட். தாமிரபரணியின் விசை அதுவரை ஆற்றங்கரை ஆலையோடு நின்றது. மின்சாரம் ஆனபின் கம்பியேறி நெடுந்தொலைவு சென்றது. பள்ளத்தாக்கில் மின்விசை பிறந்துவிட்டது. ஆயினும் அதே பள்ளத்தாக்கின் சாலையில் ஓடிய பேருந்து கரியை நம்பியிருந்தது. மின்சாரம் இருந்தும் வண்டிக்கு அது எட்டவில்லை. காரணம் என்ன?

வண்டியை மின்சாரத்தால் ஓட்டும் அறிவு அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்ரயில் ஓடிற்று. இவையெல்லாம் கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடிய வண்டிகள். கம்பியில்லாத சாலையில் ஓட வேண்டுமானால் மின்சாரத்தை வண்டியிலேயே சுமந்து செல்ல வேண்டும். அதற்கும் முயன்றார்கள். 1899இல் பெல்ஜியம் நாட்டு காமீய் ஜெனாட்ஸி ஒரு மின்வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டினார். உலகில் எந்த மோட்டார் வண்டியும் அதற்குமுன் அவ்வேகத்தை எட்டியதில்லை. ஆனால் அன்றிருந்த ஈயப் பாட்டரி மிகக் கனமானது. ஒரு கிலோ பாட்டரியில் சேரும் மின்சாரம் மிகச் சிறிதே. முப்பது யூனிட் மின்சாரத்தைச் சுமக்க ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள பாட்டரி வேண்டும்.

இக்குறையை நீக்க 1900இல் பெர்டினாண்டு போர்ஷே ஒரு வழி கண்டார். வண்டியில் பெட்ரோல் எஞ்சின்களை வைத்து மின்னாக்கியை ஓட்டினார். அம்மின்சாரத்தால் சக்கரங்களில் பொருத்திய மோட்டார்கள் சுழன்றன. கலப்பு விசை வண்டி நேற்றுப் பிறந்ததன்று என்பதை இதனால் அறியலாம். மற்றொரு திருப்பம் 1912இல் நிகழ்ந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்தொடக்கி அவ்வாண்டில் கேடிலாக் காரில் இடம்பெற்றது. அதுவரை கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருந்தது. கை முறிந்தவர்களும் உண்டு. ஒரு சிறு மின்மோட்டார் அந்த வேலையை ஏற்றுக்கொண்டதும் பெட்ரோல் வண்டி எவரும் ஓட்டத்தக்கதாயிற்று. பெரிய மின்வண்டியைச் சாலையினின்று விரட்டியதில் சிறிய மின்மோட்டாருக்கும் பங்குண்டு என்பது வரலாற்றின் விநோதம்.

பட்டறையில் நின்ற அந்த மென்கலப்பு வண்டி கெட்டரிங்கின் தொடக்கிக்குப் பேரப்பிள்ளை எனலாம். அதிலுள்ள சிறு மோட்டார் எஞ்சினை அரவமின்றிக் கிளப்பும். வண்டி விரையும்போது சிறிது தோள் கொடுக்கும். பிரேக் போடும்போது வீணாகும் விசையில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேர்க்கும். இவற்றால் பெட்ரோல் ஓரளவு மிச்சமாகும். ஆனால் எஞ்சினின் துணையின்றி அம்மோட்டார் தனியே வண்டியை இழுத்துச் செல்லாது. ஏன் என்பதற்கு உங்கள் பௌதிகப் பாடத்திலிருந்தே ஒரு கணக்குச் சொல்கிறேன்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குச் செல்லும் மலைப்பாதை போன்ற ஒரு பாதையை எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் 20 கிலோமீட்டர் என்றும், ஏற்றம் 1000 மீட்டர் என்றும் கணக்கிற்காகக் கொள்வோம். ஆட்களோடும் சுமையோடும் வண்டியின் எடை 2000 கிலோ. அதனை 1000 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 196 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆகவே ஏறத்தாழ ஐந்தரை யூனிட் வேண்டும். கரடுமுரடான பாதையின் உராய்வையும் பிற இழப்புகளையும் கூட்டினால் ஒன்பது அல்லது பத்து யூனிட் ஆகும். மென்கலப்பு வண்டியின் பாட்டரியில் ஒரு யூனிட்கூட இராது. அரை யூனிட் இருப்பதாகவும் இழப்பே இல்லையெனவும் கொண்டாலும், அந்த வண்டியை 90 மீட்டர் உயரத்திற்கே அது ஏற்றும். முதற் சில வளைவுகளிலேயே மூச்சு நின்றுவிடும். எனவே, "அதையே கொஞ்சம் பெரிதாக்கினால் போதும்" என்பது நடவாத காரியம். அந்த மோட்டாரை எஞ்சினோடு பிணைக்கும் வாரும், அதன் மின்கம்பிகளும், குளிர்விக்கும் அமைப்பும் எல்லாம் சிறு வேலைக்கென்றே அளந்து செய்தவை. நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டாரை வைத்துப் பழைய தண்டை ஓட்டிய ஆலைக்காரர்களின் கதை இங்கே நினைவுக்கு வருகிறதன்றோ?

அப்படியாயின் முழு மாற்றம் இயலாதா? இயலும். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனிப் பாட்டரி நிலைமையை மாற்றிவிட்டது. அதற்கு வழிவகுத்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. முன்பு ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாட்டரி சுமந்த முப்பது யூனிட்டை இன்று ஏறத்தாழ 200 கிலோ எடையில் சுமக்கலாம். இத்தகைய பாட்டரியையும், வண்டியைத் தனியே இழுக்க வல்ல மோட்டாரையும் வைத்தால் மலையேற்றம் எளிதே. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரவல்லது. பாறைமேல் மெல்ல ஏறும் வண்டிக்கு இது பெரும் பேறு. மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாகக் கழியும் ஆற்றலில் ஓரிரண்டு யூனிட்டைத் திரும்பப் பெறவும் முடியும்.

ஆனால் உடலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எஞ்சின் ஓட்டத்தை நம்பியிருந்த பிரேக்கின் வெற்றிடக் குழாய், திருப்பு சக்கரத்தின் துணைவிசை, குளிர்சாதனம் ஆகியவற்றிற்கெல்லாம் தனி மின்விசை வேண்டும். பாட்டரியின் எடை முன்னும் பின்னும் சமமாக அமைய வேண்டும். இன்றேல் சரிவில் வண்டி சாயும். நீர் புகாதபடி பாட்டரிப் பெட்டி அடைக்கப்பட வேண்டும். 2023 டிசம்பரில் பெருமழை பெய்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாகி, தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்ததை இப்பகுதியினர் மறக்க மாட்டார்கள். காட்டாற்றைக் கடக்கும் வண்டிக்கு இந்த அடைப்பு அழகுக்கன்று, உயிருக்கே காப்பு. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் பழகாத கையை மன்னிக்காது. ஆதலால்தான் பழைய வண்டிகளைக் கலப்பு விசைக்கோ முழு மின்விசைக்கோ மாற்றுவதற்கு நடுவண் அரசு 2016இல் விதிகள் வகுத்தது. சோதனை நிலையத்தின் ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியையே பொருத்த வேண்டும். மாற்றத்தை வண்டியின் பதிவுச் சான்றிலும் குறிக்க வேண்டும். தாமாகச் சேர்த்துக் கட்டிய வண்டிக்குச் சட்டத்தின் துணையும் இல்லை, காப்பீட்டின் துணையும் இல்லை.

வண்டியைப் பற்றிய கணக்கு இத்துடன் முடிகிறது. விசையின் ஊற்றைப் பற்றிய கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. கரி பஸ்ஸின் கதையில் காட்டை மறந்ததுபோல இங்கேயும் நாம் எதையாவது மறந்துவிடலாகாது.

2000 கிலோ வண்டி 1000 மீட்டர் ஏறுவதற்கு ஈடான ஆற்றல் எது? 20,000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. இழப்புகளைக் கருதினால் இன்னும் மிகுதியான நீர் வேண்டும். மலைவண்டி மேலே ஏற, மலைநீர் கீழே இறங்குகிறது. அந்நீர் மின்நிலையத்தைக் கடந்த பின்னரும் அழிவதில்லை. கால்வாய்களின் வழியே வயல்களுக்குச் செல்கிறது. ஆனால் கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் வேண்டிய காலத்தில்தான் அணை திறக்கலாமே தவிர, வண்டிகளுக்காகத் திறக்க முடியாது. ஆகவே பாபநாசம் ஒன்றே போதாது.

நல்வாய்ப்பாக, இந்த வட்டாரத்திற்குக் காற்றும் உண்டு, வெயிலும் உண்டு. 1986இல் இந்தியாவில் முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணைகள் அமைந்த கடலோரப் பகுதிகளுள் பழைய திருநெல்வேலிச் சீமையும் ஒன்று. அன்றைய காற்றாலை ஒன்றின் திறன் 55 கிலோவாட். இன்று கயத்தாற்றையும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தையும் கடந்து செல்பவர் கண்ணுக்கெட்டிய தொலைவு காற்றாலைகளைக் காண்பர். கங்கைகொண்டானில் சூரிய மின்கலங்கள் உற்பத்தியாகின்றன. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் திறனுள்ள அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. இவற்றோடு தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அனல்மின் நிலையமும் உள்ளது. அது நிலக்கரியை எரிப்பது. மழையும் காற்றும் வெயிலும் இல்லாத வேளையில் நாம் வண்டிக்கு ஏற்றும் மின்சாரத்தில் அந்தக் கரியும் கலந்திருக்கும். 1940களில் வண்டியின் முதுகில் இருந்த கரியடுப்பு, கண்ணுக்குத் தெரியாத தொலைவிற்கு நகர்ந்துவிட்டது என்று சொன்னால் தவறாகாது. புகை கண்ணில் படவில்லை என்பதால் புகையே இல்லை என்று மகிழ்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கரி பஸ் கரியை மட்டுமே உண்ணும். மின்வண்டியோ நீரையும் காற்றையும் வெயிலையும் உண்ணும். ஊற்று தூய்மையாகுந்தோறும் வண்டியும் தூய்மையாகும்; அதன் பாகங்களை மாற்ற வேண்டியதில்லை. காற்றும் வெயிலும் மிகுந்த வேளையைத் தெரிந்து மின்னேற்றினால் பயன் இன்னும் பெருகும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மீண்டும் பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், வேலை கற்க வந்திருந்த இரு இளைஞர்களைக் காட்டி, "எல்லாம் சரி அண்ணாச்சி. எஞ்சினே போயிருச்சின்னா இந்தப் பயலுவ பிழைப்பு என்னாகும்?" என்றார். அவர் மனத்தை முதலிலிருந்தே அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. பிஸ்டனும் வால்வும் எண்ணெய் மாற்றமும் இல்லாத வண்டிக்குப் பட்டறை எதற்கு என்ற அச்சம் அது. வெறும் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரலாறு கூறுவதை மட்டும் சொன்னேன். கரிவாயுக் கருவி சில ஆண்டுகளே வாழ்ந்தது; அதனைச் செய்தவர்களின் கைத்திறன் அதன்பின்னும் வாழ்ந்தது. திருக்குறுங்குடிக்காரர் 1955இல் மறைந்தார். அவர் வழியில் வந்த நிறுவனமே 2020இல் மின்சார ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாமிரபரணி கடலோடு கலக்கும் கரைக்கு வடக்கே, தூத்துக்குடியில், 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் என்னும் வியட்நாம் நிறுவனம் மின்கார் தொழிற்சாலையைத் திறந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞன் மின்னழுத்தம் அளக்கவும் பாட்டரியைச் சோதிக்கவும் முறையாகக் கற்றுக்கொண்டால் அவனுக்கு வேலை உண்டு. கல்லாமல் இருந்தால் வேலை அவனைத் தேடி வராது. சக்கரம், ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் ஆகியவை எந்த விசையில் ஓடும் வண்டிக்கும் உரியவை; மலைப்பாதையில் அவையே முதலில் தேயும்.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், புதிய மென்கலப்பு வண்டியில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்தார். அது இருக்கிற நிலையில் நன்றாக ஓடுகிறது. அதனைக் கெடுத்துப் பாதி மாற்றம் செய்வதால் யாருக்கும் நன்மையில்லை. அதற்குப் பதிலாக, பட்டறையின் பின்புறம் எஞ்சின் தேய்ந்து கிடந்த தம்முடைய பழைய ஜீப்பைக் காட்டினார். தினமும் ஒரே பாதையில் போய் இரவில் வீடு திரும்பும் வண்டி அது. ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதி அவ்வகை ஜீப்புக்குக் கிடைக்குமானால் அதனை முழுவதும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். இளைஞர்களுள் ஒருவனை மின்வண்டிப் பயிற்சிக்கு அனுப்பவும் எண்ணினார். "கணக்குப் போட்டுட்டுத்தான் இனி ஸ்பானரைத் தொடணும்" என்று அவர் சொன்னபோது அந்த இளைஞர்கள் சிரித்தார்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் காலத்தில் இன்னும் பல மாற்றங்கள் வரும். புதியது என்பதால் எதனையும் வியந்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். பழையது போகிறதே என்று அஞ்சவும் வேண்டாம். மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். இம்மாற்றம் பாதியா, முழுமையா? இதற்குரிய விசை எந்த ஊற்றிலிருந்து வருகிறது. அதற்கு விலை கொடுப்பவர் யார்? இதனைச் செய்யும் கைகளுக்கு அறிவு தரப்பட்டிருக்கிறதா? இம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமானால் அம்மாற்றம் நிலைக்கும். பாபநாசத்தில் விழும் நீரும், கயத்தாற்றில் வீசும் காற்றும் தம் பங்கை எப்போதும்போல் செய்துகொண்டிருக்கின்றன. கணக்கை ஒழுங்காகப் போட வேண்டியது நம்முடைய பங்கு.